கப்பலின் இரண்டு பந்திகள்: சொகுசுக் கப்பல்களில் மங்கிவரும் உபசரிப்பு மரபுகள்

சொகுசுக் கப்பல்களில் இரவுச் சாப்பாட்டுக்கு நெடுங்காலம் இரண்டு பந்திகள் இருந்தன. மாலை ஆறு மணியளவில் முதல் பந்தி. எட்டேகால் அல்லது எட்டரை மணியளவில் இரண்டாம் பந்தி. கப்பலில் ஏறும் நாளிலேயே ஒருவருக்கு எந்தப் பந்தி, எந்த மேசை என்பது முடிவாகிவிடும். இறங்கும் நாள் வரை அதில் மாற்றம் இராது. அதே மேசையில், அதே மனிதர்களோடு, அதே வெயிட்டரின் கையால் ஏழு இரவுகளோ பதினான்கு இரவுகளோ சாப்பிடுவார்கள். இன்று பெரிய கப்பல்கள் பலவற்றில் இந்த ஏற்பாடு பல தேர்வுகளில் ஒன்றாகச் சுருங்கிவிட்டது. சிலவற்றில் அறவே இல்லை. அதையொட்டி வளர்ந்த வேறு பல வழக்கங்களும் ஒவ்வொன்றாக மங்கிவருகின்றன. அவை யாவை, எதற்காகத் தோன்றின, ஏன் மறைகின்றன என்பதைக் கப்பலில் கால் வைத்திராத ஒருவருக்கும் விளங்கும்படி சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

காவிரிப் படுகைக்காரர்களுக்குக் கடற்பயணம் புதிதன்று. 1926ஆம் ஆண்டு கட்டப்பட்ட ரஜூலா கப்பல் 1973 வரையிலும் சென்னையையும் நாகப்பட்டினத்தையும் பினாங்கு, சிங்கப்பூர் துறைமுகங்களோடு இணைத்து வந்தது; நாகூரிலும் திருவாரூரிலும் தஞ்சாவூரிலும் அதில் போய்வந்த தாத்தாவைப் பற்றிப் பேசும் குடும்பங்கள் இன்றும் உண்டு. ஆனால் அந்தப் பயணிகளில் மிகப் பெரும்பாலோர் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்துப் போனவர்கள். வெள்ளைத் துணி விரித்த உணவுக்கூடம் கேபின் பயணிகளுக்கே உரியதாக இருந்தது.

இன்றைய தொடர்பு வேறு வகையானது. கும்பகோணம், மயிலாடுதுறை, மன்னார்குடி என்று இப்பக்கத்துப் பிள்ளைகள் கேட்டரிங் படித்து, கடற்பணியாளருக்கான பாதுகாப்புப் பயிற்சி முடித்து, சிடிசி எனப்படும் கடற்பணிப் பதிவுப் புத்தகம் வாங்கிக்கொண்டு, ஆறு முதல் ஒன்பது மாத காண்ட்ராக்டில் கப்பல் வேலைக்குப் போகிறார்கள். திருச்சியை அடுத்த துவாக்குடியிலேயே இதற்கான அரசு ஹோட்டல் மேலாண்மை நிறுவனம் இருக்கிறது. மறுபுறம், ஓய்வுபெற்ற பெற்றோர்கள் சிங்கப்பூரிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் பிள்ளைகளின் ஏற்பாட்டில் கப்பல் சுற்றுலா போகிறார்கள்; 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்தே கார்டீலியா நிறுவனத்தின் சொகுசுக் கப்பல் புறப்படத் தொடங்கியது. ஆக, அந்த மேசையின் இரு பக்கத்திலும் இப்போது நம்மவர்கள் இருக்கிறார்கள். சாப்பிட உட்காருபவருக்கும் பரிமாறப் போகிறவருக்கும் இந்த மரபுகளின் கதை தெரிந்திருப்பது நல்லது என்று கருதுகிறேன்.

மரபுகளின் பிறப்பிடம் அட்லாண்டிக் கடலைக் கடந்து ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவுக்குச் சென்ற பயணிகள் கப்பல்கள். அங்கே முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்று பிரிவுகள் இருந்தன. ஒவ்வொரு வகுப்புக்கும் தனி உணவுக்கூடம், தனி மெனு. 1912இல் மூழ்கிய டைட்டானிக்கில் சாப்பாட்டு நேரம் வந்ததை அறிவிக்க ஒருவர் ஊதுகொம்பு ஊதிக்கொண்டு தளங்களில் நடந்து வருவார். முதல் வகுப்பினர் அதற்கென உடை மாற்றிக்கொண்டு இறங்கி வருவார்கள். கடல் நடுவே வேறு போக்கிடம் இல்லாத ஒரு வார காலத்தில் இரவுச் சாப்பாடே அன்றைய நாளின் பெரிய நிகழ்ச்சியாக இருந்தது. 1958இல் ஜெட் விமானங்கள் அட்லாண்டிக்கைக் கடக்கத் தொடங்கியதும் இந்தக் கப்பல்களின் பிழைப்பு போயிற்று. அதன் பிறகு ஊர் போய்ச் சேருவதற்காக அல்லாமல் பயணத்தின் இன்பத்துக்காகவே மக்களை ஏற்றும் நிறுவனங்கள் எழுந்தன: 1966இல் நார்வீஜியன், 1968இல் ராயல் கரீபியன், 1972இல் கார்னிவல். இவை பழைய கப்பல்களின் வகுப்புப் பிரிவைப் பெரும்பாலும் கைவிட்டு, முதல் வகுப்பின் உபசரிப்பை மட்டும் எல்லோருக்குமாக எடுத்துக்கொண்டன. சாதாரணச் சம்பளக்காரர் ஒருவரும் ஒரு வாரத்துக்குப் பிரபுவைப் போல உபசரிக்கப்படலாம் என்பதே அவர்கள் விற்ற பொருள்.

இரண்டு பந்தி ஏன் வேண்டியிருந்தது என்பதைக் கும்பகோணத்துக் கல்யாண மண்டபத்தைக் கொண்டு எளிதாக விளக்கலாம். முந்நூறு இலை போடக்கூடிய கூடத்தில் அறுநூறு பேருக்குச் சாப்பாடு போட வேண்டுமானால் பந்தி பிரித்தாக வேண்டும். முதல் பந்தி எழுந்து, இடம் துடைத்து, இலை போட்ட பிறகே அடுத்த பந்தி உட்காரும். கப்பலிலும் இடம் பொன்னுக்குச் சமம். பயணிகளில் ஏறக்குறையப் பாதிப் பேர் உட்காரும் அளவுக்கு மட்டும் கூடத்தைக் கட்டிவிட்டு, ஓர் இரவில் அதை இரு முறை நிரப்பினார்கள். முதல் பந்தி சாப்பிடும்போது இரண்டாம் பந்திக்காரர்கள் அரங்கில் நாடகமோ இசையோ பார்ப்பார்கள். பிறகு இடம் மாறிக்கொள்வார்கள். அதனால்தான் ஒரே நிகழ்ச்சி ஓர் இரவில் இரு முறை நடந்தது. சமையற்கூடத்துக்கும் இது பெரிய வசதி: எத்தனை பேர், எத்தனை மணிக்கு என்பது ஐயமின்றித் தெரியும். நம் பந்தியில் இலை இலையாகப் பார்த்துக்கொண்டே நடந்து, யாருக்கு ரசம் வரவில்லை, யாருக்கு இன்னும் கொஞ்சம் பாயசம் வேண்டும் என்று கேட்கும் பந்தி விசாரிப்பும் கப்பலில் உண்டு. அதைச் செய்பவரே ஹெட் வெயிட்டர்.

ஒரு மேசையைச் சுற்றி நடக்கும் வேலையைச் சற்று அருகிலிருந்து பார்க்கலாம். ஒரு வெயிட்டரும் ஓர் அசிஸ்டன்ட் வெயிட்டரும் சேர்ந்து ஒரு பந்தியில் சுமார் இருபது பேரைக் கவனிப்பார்கள். அசிஸ்டன்ட் தண்ணீர், ரொட்டி, வெண்ணெய், காபி ஆகியவற்றைப் பார்த்துக்கொள்வார். வெயிட்டர் ஆர்டர் எடுத்து உணவைக் கொண்டுவருவார். கொண்டுவருவது என்பது சிறிய காரியமன்று. முட்டை வடிவப் பெரிய தட்டத்தில், மூடியிட்ட உணவுத் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒரு தோளில் ஏற்றி, ஒரு கையால் தாங்கி, சமையற்கூடத்திலிருந்து ஆடும் கப்பலில் நடந்து வர வேண்டும். மேசைக்கு அருகிலுள்ள சிறிய அலமாரி மேல் தட்டத்தை இறக்கி, யார் என்ன கேட்டார் என்று மறுபடி விசாரிக்காமலேயே அவரவர் முன்னால் வைக்க வேண்டும். மேசையிலுள்ள எட்டுப் பேரும் ஒரு வகையை முடிக்கும் வரை எவருடைய தட்டையும் எடுக்கக் கூடாது. ஒருவருடையதை முன்னதாக எடுத்தால் மெதுவாகச் சாப்பிடுபவர் கூசிப்போவார். இனிப்பு வருவதற்கு முன் மேசைத் துணியில் சிந்திய ரொட்டித் துகள்களை ஒரு சிறிய வளைந்த தகட்டால் வழித்தெடுப்பார்கள். முற்காலத்தில் இதற்கும் மேலாக, ஹெட் வெயிட்டர் ஒரு தள்ளுவண்டியை மேசையருகே நிறுத்தி, சாலட்டைக் கண்முன்னே கலந்தோ, செர்ரிப் பழங்களை மதுவூற்றித் தீயிட்டோ பரிமாறுவார். இன்று பெரும்பாலான கப்பல்களில் எல்லாமே உள்ளேயே தட்டில் அலங்கரிக்கப்பட்டு வருகிறது.

இந்தக் கைத்திறன் பார்ப்பதற்கு அழகுதான். என் கணிப்பில், பழைய முறையின் உயிர் அதில் இல்லை. ஒரே ஆள் நாள்தோறும் பரிமாறுவதால் வரும் பழக்கத்தில்தான் அது இருந்தது. மன்னார்குடியிலிருந்து போன ஒரு தம்பதியரை எடுத்துக்கொள்வோம்: இருவரும் சைவம், முட்டையும் சேர்க்க மாட்டார்கள், அம்மாவுக்கு இரவில் தயிர்சாதம் இல்லாமல் சாப்பாடு முடிந்ததாகவே தோன்றாது. முதல் இரவு இதையெல்லாம் விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். நிலையான மேசை இருந்தால் ஹெட் வெயிட்டர் அன்றைக்கே குறித்துக்கொண்டு, மறுநாளுக்கான சைவ உணவை முன்கூட்டியே சமையற்கூடத்துக்குச் சொல்லி வைப்பார். பெரிய நிறுவனங்களில் இந்தியச் சைவ உணவு கேட்டால் செய்து தருவது வழக்கமாகவே இருக்கிறது. மூன்றாம் இரவு, கேட்காமலேயே ஒரு கிண்ணத்தில் சாதமும் இன்னொரு கிண்ணத்தில் தயிரும் ஊறுகாயும் வந்து நிற்கும். வந்து வைத்தவர் கேரளத்துக்காரராகவோ கோவாக்காரராகவோ இருந்தால், “நாளைக்கு ரசம் வைக்கச் சொல்லட்டுமா, அம்மா?” என்றும் கேட்பார். ஒவ்வொரு இரவும் வேறு மேசை, வேறு வெயிட்டர் என்றால், இந்த விளக்கத்தை ஏழு இரவும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கேட்டதும் செய்ய இயலாத உணவு என்றால் அன்றிரவு கிடைக்கவும் கிடைக்காது. ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இது வசதிக் குறைவு என்பதையும் தாண்டிய கவலை.

மேசையைப் பகிர்ந்துகொள்ளும் வழக்கமும் இதோடு சேர்ந்ததே. ஆறு, எட்டு, பத்துப் பேர் உட்காரும் மேசைகளில் முன்பின் அறியாதவர்களைச் சேர்த்து உட்கார வைப்பார்கள். முதல் இரவு தயக்கமாக இருக்கும். நான்காம் இரவில் ஒருவர் வரவில்லை என்றால் மற்றவர்கள் விசாரிப்பார்கள். தனியாகப் பயணம் செய்யும் முதியவருக்கு இதைவிடப் பெரிய துணை கப்பலில் கிடையாது. ஒத்துப்போகாதவர்களோடு மாட்டிக்கொள்ளும் தொல்லையும் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை; அப்படியானவர்கள் இரண்டாம் நாளே மேற்பார்வையாளரிடம் சொல்லி வேறு மேசைக்கு மாறிக்கொள்வார்கள்.

கடைசி இரவின் உறைகள் இந்த உறவிலிருந்து பிறந்தவை. வெயிட்டருக்கு ஒன்று, அசிஸ்டன்டுக்கு ஒன்று, ஹெட் வெயிட்டருக்கு ஒன்று, கேபினைப் பராமரிக்கும் ஸ்டூவர்டுக்கு ஒன்று என்று சிறிய காகித உறைகளைக் கப்பலே தரும். பயணி பணத்தை அதில் வைத்து, நன்றி சொல்லி, கையில் கொடுப்பார். வெயிட்டரின் வருமானத்தில் பெரும்பங்கு இதுதான்; கப்பல் நிறுவனம் தரும் அடிப்படைச் சம்பளம் சொற்பம். எந்த மேசைக்கு யார் பரிமாறினார் என்பது குழம்பிப்போன பிறகு இந்த முறை நிற்க முடியவில்லை. ஏழு இரவில் ஏழு பேர் பரிமாறியிருந்தால் உறையை யாரிடம் கொடுப்பது? ஆகவே நிறுவனங்கள் நாள்தோறும் ஒரு தொகையைப் பயணியின் கணக்கில் தாமாகவே சேர்த்து, ஊழியர்களுக்குப் பங்கிடும் முறைக்கு மாறின. இன்று பெரிய நிறுவனங்களில் இது ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 16 முதல் 20 டாலர் வரை. இருவர் ஏழு இரவு போனால் 224 டாலரிலிருந்து 280 டாலர் வரை ஆகும். டிக்கெட் விலையில் இது அடங்கியிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு போய் இறுதிக் கணக்கைப் பார்த்துத் திகைப்பவர்கள் நம்மவர்களில் அதிகம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

கண்ணைக் கவர்ந்த மரபு என்றால் பேக்ட் அலாஸ்கா ஊர்வலம். கேக்கின் மேல் ஐஸ்கிரீமை வைத்து, அடித்து நுரைத்த முட்டை வெள்ளைக்கருவால் அதை முழுவதும் மூடி, மேற்புறம் மட்டும் சிவக்கும்படி சுடுவது இந்த இனிப்பு. நுரை வெப்பத்தைத் தடுப்பதால் உள்ளே ஐஸ்கிரீம் உருகாது. பயணத்தின் இறுதி இரவுகளில் ஒன்றில் உணவுக்கூடத்தின் விளக்குகளை அணைத்துவிட்டு, வெயிட்டர்கள் எல்லோரும் தீ எரியும் பேக்ட் அலாஸ்காவை உயர்த்திப் பிடித்தபடி மேசைகளுக்கு இடையே வரிசையாக வருவார்கள். பயணிகள் கைத்துணியைத் தலைக்கு மேல் சுழற்றுவார்கள். சமையற்காரர்களும் வெளியே வந்து கைதட்டலைப் பெற்றுக்கொள்வார்கள். நாள் முழுவதும் கண்ணில் படாமல் உழைப்பவர்கள் ஒரு முறை வெளிச்சத்துக்கு வருவது அந்த இரவில்தான். தீயின் அபாயம் கருதி முதலில் சுடர் போயிற்று, பேட்டரி விளக்கு வந்தது. பிறகு ஊர்வலமே பல கப்பல்களில் நின்றது. கடலில் தீ என்றால் என்ன என்று நாகப்பட்டினத்தாருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ரஜூலாவுக்குப் பின் அதே தடத்துக்கு வந்த எம்.வி. சிதம்பரம், 1985 பிப்ரவரியில் சென்னை நோக்கி வரும் வழியில் தீப்பிடித்துப் பலர் உயிரிழந்தனர். சுடரை அணைத்தது சரியான முடிவு. ஊர்வலத்தையும் சேர்த்து விட்டிருக்க வேண்டாம் என்பதே என் ஆதங்கம்.

நள்ளிரவு விருந்து இன்னொன்று. இரவு பதினொன்றரைக்கு மேல் பனிக்கட்டியில் செதுக்கிய அன்னங்கள், தர்பூசணியில் குடைந்த பூக்கள், வெண்ணெய்ச் சிற்பங்கள் ஆகியவற்றுக்கு நடுவே உணவு வகைகளைப் பரப்பி வைப்பார்கள். சாப்பிடுவோரை உள்ளே விடுவதற்கு முன், படம் எடுத்துக்கொள்வதற்கென்றே சிறிது நேரம் ஒதுக்குவதும் உண்டு. வயிறு நிறைய இரவுச் சாப்பாடு முடித்தவர்கள் மூன்று மணி நேரத்தில் மறுபடி சாப்பிட முடியாது என்பதால் இதில் வீணானது மிக அதிகம். செலவையும் வீணாவதையும் கணக்கிட்ட நிறுவனங்கள் இதை நிறுத்திவிட்டு, இரவு முழுவதும் பீட்சா கிடைக்கும் ஒரு கடையைத் திறந்து வைத்தன. இந்த இழப்பில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. செதுக்கு வேலை கற்ற கைகளுக்கு வேலை குறைந்தது மட்டுமே வருத்தம்.

உடை விஷயத்துக்கு வருவோம். ஏழு இரவுப் பயணத்தில் வழக்கமாக இரண்டு இரவுகள் ஃபார்மல் நைட் எனப்படும்: ஆண்களுக்குக் கறுப்பு சூட்டும் போ டையும், பெண்களுக்கு நீண்ட கவுன். அதில் ஒரு மாலை கேப்டன் எல்லோரையும் வரவேற்று, வரிசையில் நிற்பவர்களோடு கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொள்வார். தேர்ந்தெடுத்த சிலரைத் தம் மேசைக்குச் சாப்பிட அழைப்பார். துறைமுகத்துக்கு விமானத்தில் வருகிற பயணிகளுக்குப் பெட்டியின் எடைக்குக் கட்டணம் ஏறியதும், ஓய்வுக்குப் போகிற இடத்தில் இறுக்கமான உடை எதற்கு என்ற எண்ணம் பரவியதும் இதைத் தளர்த்தின. நார்வீஜியன் போன்ற நிறுவனங்களில் விரும்பினால் உடுத்தலாம், இல்லாவிட்டால் இல்லை. கூனார்டு நிறுவனத்தின் குயின் மேரி 2 போன்ற கப்பல்களில் இன்றும் விழா இரவுகள் உண்டு. வெள்ளைக் கையுறை அணிந்தவர்கள் மாலைத் தேநீர் பரிமாறுவதும் உண்டு. நம் பெண்கள் இதற்காகக் கவுன் தேட வேண்டியதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். திருபுவனம் பட்டுப்புடவை எந்தக் கப்பலின் ஃபார்மல் நைட்டுக்கும் நிறைவாகப் பொருந்தும்.

கேபினுக்குள் நடந்த மாற்றம் சிறியது போலத் தோன்றும். முன்பு ஸ்டூவர்ட் காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை வருவார். மாலையில் வரும்போது படுக்கை விரிப்பை ஓரமாக மடித்து, திரையை இழுத்து மூடி, தலையணையில் ஒரு சாக்லேட்டும் மறுநாள் நிகழ்ச்சித் தாளும் வைத்து, துண்டைக் குரங்காகவோ யானையாகவோ மடித்து வைத்துவிட்டுப் போவார். 2020இன் பெருந்தொற்றுக்குப் பிறகு பெரிய நிறுவனங்கள் பல இதை ஒரு முறையாகக் குறைத்துவிட்டன. நிகழ்ச்சித் தாள் செல்போன் செயலிக்குள் போய்விட்டது. வயதானவர்களுக்கு அந்தத் தாள் மிகவும் பயன்பட்டது; பல கப்பல்களில் கேட்டால் அச்சிட்டுத் தருகிறார்கள், கேட்கத் தயங்க வேண்டாம்.

இந்த மாற்றங்கள் பலவற்றுக்கு மையமான ஆண்டு 2000. நார்வீஜியன் நிறுவனம் அந்த ஆண்டு, பந்தி நேரமும் கிடையாது, ஒதுக்கிய மேசையும் கிடையாது, விரும்பிய நேரத்தில் விரும்பிய உணவகத்தில் சாப்பிடலாம் என்னும் ‘ஃப்ரீஸ்டைல்’ முறையைக் கொண்டுவந்தது. அதே காலத்தில்தான் அந்த நிறுவனம் மலேசியாவின் கெந்திங் குழுமத்தைச் சேர்ந்த ஸ்டார் குரூசஸ் கைக்கு வந்திருந்தது. பிற நிறுவனங்கள் சில ஆண்டுகளுக்குள் அதே வழியில் பாதி தூரமாவது வந்தன: பழைய பந்தி முறையையும் வைத்துக்கொண்டு, நேரக் கட்டுப்பாடற்ற முறையையும் சேர்த்துக்கொண்டன. மக்கள் இதை விரும்பினார்கள் என்பது உண்மை. துறைமுகத்தில் இறங்கி ஊர் சுற்றிவிட்டு ஏழு மணிக்குத் திரும்புகிறவருக்கு ஆறு மணிப் பந்தியால் பயனில்லை. குழந்தையோடு வருகிறவரால் எட்டரை மணி வரை காத்திருக்க முடியாது.

நிறுவனங்களுக்கும் இதில் ஆதாயம் இருந்தது. எல்லோருக்கும் ஒரே கூடம், ஒரே மெனு என்றிருந்தபோது சாப்பாடு டிக்கெட்டோடு முடிந்தது. பல உணவகங்கள் வந்த பிறகு, இத்தாலிய உணவுக்கும் ஜப்பானிய உணவுக்கும் இறைச்சிப் பிரியர்களின் உணவகத்துக்கும் தனிக் கட்டணம் வாங்க முடிந்தது. கப்பலின் அளவும் சேர்ந்து மாறியது. ராயல் கரீபியனின் முதல் கப்பல் 1970இல் சுமார் 700 பேரை ஏற்றியது; 2024 ஜனவரியில் ஓடத் தொடங்கிய ஐகான் ஆஃப் த சீஸ் 7,600 பேர் வரை ஏற்றும். எழுநூறு பேரோடு கேப்டன் கைகுலுக்கலாம். ஏழாயிரத்து அறுநூறு பேரோடு முடியாது.

எல்லாவற்றையும் விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு சான்று உண்டு. 2014இல் வந்த குவாண்டம் ஆஃப் த சீஸ் கப்பலில் ராயல் கரீபியன் பெரிய உணவுக்கூடத்தையே நீக்கி, அதை நான்கு தனி உணவகங்களாகப் பிரித்து, பயணிகள் ஒவ்வொன்றாகப் போய்ச் சாப்பிட ஏற்பாடு செய்தது. முன்பதிவுக் குழப்பமும் வரிசையும் ஒருபுறம். தம் வெயிட்டர் என்று ஒருவர் இல்லையே என்ற குறை மறுபுறம். சில ஆண்டுகளுக்குள் அந்தத் திட்டத்தைக் கைவிட்டுப் பழைய முறையை மீட்டார்கள். டிஸ்னி நிறுவனமோ 1998இல் தன் முதல் கப்பலிலேயே வேறொரு வழி கண்டது: குடும்பங்கள் இரவுக்கு ஓர் உணவகமாக மூன்று உணவகங்களுக்கு மாறி மாறிச் செல்லும்; அவர்களுடைய வெயிட்டரும் கூடவே மாறி வருவார். இடம் புதிதாகவும் முகம் பழகியதாகவும் இருக்கும் இந்த ஏற்பாடு இன்றும் தொடர்கிறது. இதைவிடப் பொருத்தமான தீர்வை நான் அறியேன்.

வேலை செய்கிறவர் பக்கத்திலிருந்தும் இதைப் பார்க்க வேண்டும். பழைய உபசரிப்பின் பொலிவுக்குப் பின்னால் ஓய்வில்லாத உழைப்பு இருந்தது. காலை, மதியம், இரவு என்று மூன்று வேளையும் பரிமாறிவிட்டு நள்ளிரவு விருந்துக்கும் நிற்க வேண்டியிருந்தது. 2006இல் ஏற்கப்பட்டு 2013 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேர ஓய்வு, ஏழு நாட்களில் குறைந்தது 77 மணி நேர ஓய்வு என்ற வரம்பை வகுத்தது. இந்தியாவும் 2015இல் அதை ஏற்றது. நள்ளிரவு விருந்து நின்றதாலும் மாலைச் சேவை குறைந்ததாலும் ஊழியருக்கு இளைப்பாற நேரம் கிடைத்திருந்தால் அது வரவேற்கத்தக்கதே. ஆனால் மாலைச் சேவையை நிறுத்திய இடங்களில் ஒரு ஸ்டூவர்டுக்கு ஒதுக்கும் கேபின்களின் எண்ணிக்கை கூடுவதும் உண்டு என்பதால், குறைந்த வேலை எல்லா நேரமும் ஓய்வாக மாறுவதில்லை.

மங்கிய மரபுகள் எங்கே போயின என்றால், ஒரு பகுதி கதவுக்குப் பின்னால் போயிற்று. எம்எஸ்சி நிறுவனத்தின் யாட் கிளப், நார்வீஜியனின் ஹேவன் போன்றவை பெரிய கப்பலுக்குள்ளேயே தனியாகப் பிரித்த பகுதிகள்; அங்கே தனி உணவுக்கூடம், பெயர் சொல்லி அழைக்கும் ஊழியர், பட்லர் என்னும் தனிப் பணியாளர் எல்லாம் உண்டு. கூனார்டின் கிரில் உணவகங்களில் பயணம் முழுவதும் அவரவருக்கென ஒதுக்கிய மேசை காத்திருக்கும். கட்டணம் பல மடங்கு. வகுப்புப் பிரிவைக் கைவிட்டு எல்லோருக்கும் முதல் வகுப்பு உபசரிப்பைத் தந்த ஒரு தொழில், அந்த உபசரிப்பை மறுபடி பிரித்து விற்கத் தொடங்கியிருப்பது எனக்கு உவப்பாக இல்லை.

கூடுதல் பணம் கொடுக்காமலும் பழைய முறையில் சாப்பிட வழி உண்டு. டிக்கெட் எடுக்கும்போதே ‘டிரெடிஷனல் டைனிங்’ இருக்கிறதா என்று கேட்டு, முதல் பந்தியா இரண்டாம் பந்தியா என்பதைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். நம் பெரியவர்களுக்கு முதல் பந்தி ஏற்றது. சைவ உணவு, ஒவ்வாமை ஆகியவற்றையும் அப்போதே எழுத்தில் தெரிவிப்பது நல்லது. புதியவர்களோடு பேச விருப்பமிருந்தால் பெரிய மேசை வேண்டும் என்று கேட்கலாம். நேரக் கட்டுப்பாடற்ற முறை மட்டுமே உள்ள கப்பலில், முதல் இரவு பிடித்துப்போன வெயிட்டரின் பெயரையும் மேசை எண்ணையும் குறித்துக்கொண்டு, அடுத்த இரவுகளிலும் அவர் பகுதியிலேயே இடம் தருமாறு வாசலில் நிற்பவரிடம் கேட்டால் பெரும்பாலும் ஏற்பாடு செய்வார்கள். சென்னையிலிருந்து புறப்படும் இரண்டு மூன்று இரவுப் பயணங்களில் இதை எதிர்பார்க்க வேண்டாம். முகம் பழகுவதற்குள் கப்பல் கரை சேர்ந்துவிடும்.

கணக்கில் தானாகச் சேரும் டிப்ஸுக்கு மேல், நன்றாகக் கவனித்தவருக்குக் கையில் கொடுப்பதை இன்றும் எவரும் தடுப்பதில்லை. ஓர் உறையைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அதைவிட அவருக்குப் பயன்படுவது, பயணம் முடிந்ததும் மின்னஞ்சலில் வரும் கருத்துப் படிவத்தில் அவருடைய பெயரை எழுத்துப் பிழையின்றிக் குறிப்பிடுவது. பெயர்ப்பட்டையில் இருப்பதை அப்படியே எழுதினால் போதும். அசிஸ்டன்ட் வெயிட்டர் வெயிட்டராகவும், வெயிட்டர் ஹெட் வெயிட்டராகவும் உயரும்போது மேலதிகாரிகள் புரட்டிப் பார்ப்பவற்றில் இந்தப் படிவங்களும் அடங்கும்.